எசேக்கியா: தப்பிய நகரத்தின் ராஜா, தப்பாத நாட்டின் ராஜா

கேட்கப்பட்ட கேள்வி இது: "யூதாவின் ராஜா எசேக்கியா உண்மையில் வாழ்ந்தவரா? அசீரிய ராஜா சனகெரிப் எருசலேமை வளைத்தபோது தேவதூதன் ஒரே இரவில் 1,85,000 பேரைச் சங்கரித்தான் என்று வேதாகமம் சொல்கிறது. சனகெரிப்போ தானே வென்றதாக எழுதிவைத்திருக்கிறானாம். யார் சொல்வதை நம்புவது?"

முதல் பாதிக்குப் பதில் எளிது. வாழ்ந்தவர்தான். அதில் இன்று எந்த வரலாற்று ஆய்வாளருக்கும் சந்தேகம் கிடையாது. சாலொமோனின் பெயர் பொறித்த கல் ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை. தாவீதின் பெயர் தேல் தான் என்ற இடத்தில் கிடைத்த அராமியக் கல்வெட்டில் 'தாவீதின் வீடு' என்ற அளவில் வருகிறது. எசேக்கியாவுக்கோ எதிரியின் ஆவணம் இருக்கிறது, சொந்த முத்திரை இருக்கிறது, அவர் கட்டிய மதில் இருக்கிறது, அவர் காலத்துச் சுரங்கத்தில் இன்றும் தண்ணீர் ஓடுகிறது.

இரண்டாம் பாதிக்குத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எருசலேம் தப்பியது உண்மை. யூதா நாடு தப்பவில்லை என்பதும் அதே அளவு உண்மை. நாம் ஞாயிறு பள்ளியில் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டோம். மறுபாதியும் வேதாகமத்திலேயே இருக்கிறது.

தொடங்குமுன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். எசேக்கியா வேறு, எசேக்கியேல் வேறு. எசேக்கியேல் தீர்க்கதரிசி, ஏறக்குறைய நூறாண்டுக்குப் பின் பாபிலோனில் சிறையிருப்பில் இருந்தவர். நாம் பேசும் எசேக்கியா ராஜா, ஆகாசின் மகன், மனாசேயின் தகப்பன். சாலொமோனுக்குப் பிறகு நாடு இரண்டாகப் பிரிந்ததில், தெற்கேயிருந்த யூதாவை ஆண்டவர். பட்டத்துக்கு வந்தபோது அவருக்கு வயது 25, ஆண்டது 29 ஆண்டுகள்.

எந்த 29 ஆண்டுகள் என்பதில் சிக்கல் உண்டு. இரண்டாம் ராஜாக்கள் 18ஆம் அதிகாரத்தின் 10ஆம் வசனத்தில், சமாரியா பிடிபட்டது எசேக்கியாவின் ஆறாம் வருஷம் என்று இருக்கிறது. அதன்படி அவர் கி.மு. 727 வாக்கில் பட்டத்துக்கு வந்திருக்க வேண்டும். மூன்றே வசனம் தள்ளி, சனகெரிப் வந்தது 14ஆம் வருஷம் என்று இருக்கிறது. சனகெரிப் வந்தது கி.மு. 701 என்பது அசீரிய ஆவணங்களால் உறுதி. அப்படியானால் 715. தகப்பனோடு சேர்ந்து ஆண்ட வருஷங்களையும் கூட்டிப் பார்த்துச் சிலர் இதைச் சரிசெய்கிறார்கள். ஒரு வசனத்தில் எண் மாறியிருக்கலாம் என்கிறார்கள் வேறு சிலர். நம் கேள்விக்கு 701 என்ற ஆண்டு போதும்.

அந்த ஆண்டுக்குள் போகுமுன் அவர் வளர்ந்த காலத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். தகப்பன் ஆகாஸ் அசீரியாவிடம் தானே வலியப் போய்த் தலையைக் கொடுத்தவர். சீரியாவும் வட இஸ்ரவேலும் சேர்ந்து எருசலேமுக்கு எதிராக வந்தபோது, ஆலயத்துப் பொன்னையும் வெள்ளியையும் அசீரிய ராஜாவுக்கு அனுப்பி, 'நான் உமது அடியான், உமது குமாரன்' என்று சொல்லியனுப்பினார். சில ஆண்டுகளில், கி.மு. 722 வாக்கில், வட இஸ்ரவேலின் தலைநகர் சமாரியா வீழ்ந்தது. அங்கிருந்து தப்பியவர்கள் தெற்கே வந்தார்கள். எருசலேம் இக்காலத்தில் மேற்கு மலை வரைக்கும் பரவிப் பெருநகரமானதற்கு அகழாய்வுச் சான்று உண்டு. வந்து சேர்ந்த அகதிகள் அதற்கு ஒரு காரணம் என்று பலர் கருதுகிறார்கள். பக்கத்து நாடு அழிந்ததைக் கண்ணால் பார்த்தவர்களின் ராஜா எசேக்கியா. பிற்பாடு அவர் செய்த ஒவ்வொன்றுக்கும் பின்னால் அந்தப் பயம் இருக்கிறது.

அவர் செய்தவற்றில் வேதாகமம் முதலில் வைப்பது வழிபாட்டுச் சீர்திருத்தத்தை. மேடைகளை, அதாவது ஊர்ப்புறத்து வழிபாட்டு இடங்களை, அகற்றினார், சிலைகளைத் தகர்த்தார், வெண்கலச் சர்ப்பத்தை உடைத்தார். அந்தச் சர்ப்பம் ஏதோ அந்நிய தேசத்து விக்கிரகம் இல்லை. வனாந்தரத்தில் பாம்பு கடித்தவர்கள் நோக்கிப் பார்த்துப் பிழைக்கும்படி மோசேயே செய்தது. தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வைத்திருந்த பொருள். மக்கள் அதற்குத் தூபம் காட்டத் தொடங்கியிருந்தார்கள். மோசேயின் கை பட்டது என்று தெரிந்தும் அதை உடைக்க எவ்வளவு துணிவு வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். கோயில் சொத்தில் ஒரு பழைய விளக்கை இடம் மாற்றினாலே ஊரில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும்.

இந்தச் சீர்திருத்தம் உண்மையிலேயே நடந்ததா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். நடந்தது என்பவர்கள் காட்டும் சான்றுகளில் இரண்டு என் மனத்தில் நிற்கின்றன. ஒன்று பெயெர்செபாவில் கிடைத்தது. அங்கே ஒரு பெரிய பலிபீடத்தின் கற்களைப் பிரித்தெடுத்து, கிடங்குச் சுவர் ஒன்றில் சாதாரணக் கட்டுமானக் கல்லாக வைத்துப் பூசியிருந்தார்கள். பலிபீடத்தின் மூலையில் இருக்கும் கொம்புகள் அந்தக் கற்களில் அப்படியே இருக்கின்றன. ஒரு கல்லில் நெளியும் பாம்பு ஒன்றும் செதுக்கப்பட்டிருக்கிறது. மற்றொன்று லாகீஸ் நகரவாசலில் 2016இல் வெளிப்பட்ட சிறு வழிபாட்டறை. அதிலிருந்த பலிபீடங்களின் கொம்புகளை வெட்டி எறிந்திருந்தார்கள். அறைக்குள் துளையிட்ட கல்லொன்று இருந்தது. அது மலசலக்கூடத்து இருக்கை. புனித இடத்தைத் தீட்டுப்படுத்தி, இனி யாரும் அங்கே பூசை செய்யாதபடி ஆக்குவதற்கு அதை வைத்தார்கள் என்பது தோண்டியவர்களின் விளக்கம். சோதித்துப் பார்த்ததில் அந்த இருக்கை ஒருநாளும் பயன்படுத்தப்பட்டதாகத் தெரியவில்லை. இவற்றின் காலத்தையும் நோக்கத்தையும் மறுப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு வலுவாகப் படும் சாட்சி வேறு ஒன்று. அது எதிரியின் வாயிலிருந்து வருகிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கி.மு. 705இல் அசீரியப் பேரரசன் சர்கோன் போர்க்களத்தில் கொல்லப்பட்டான், உடல்கூடக் கிடைக்கவில்லை. பேரரசின் நான்கு மூலையிலும் கலகம் எழுந்தது. பாபிலோனில் மெரோதாக்பலாதான் எழுந்தான். எகிப்து தூண்டிவிட்டது. பெலிஸ்திய நகரமான எக்ரோனின் மக்கள், அசீரியாவுக்கு விசுவாசமாக இருந்த தங்கள் ராஜா பாதியை விலங்கிட்டு எசேக்கியாவிடம் ஒப்படைத்தார்கள். எசேக்கியா கப்பத்தை நிறுத்தினார். ஏசாயா தீர்க்கதரிசி இதை ஏற்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எகிப்தை நம்பிக் குதிரைகளைத் தேடுகிறவர்களுக்கு ஐயோ என்று அவர் பாடியது இந்த நாட்களில்தான். ராஜாவும் தீர்க்கதரிசியும் எப்போதும் ஒரே மனதாக இருந்தார்கள் என்று நினைப்பது தவறு.

கலகத்துக்கு எசேக்கியா கண்மூடித்தனமாக இறங்கவில்லை. ஆயத்தம் பெரிதாக இருந்தது. 'லெ மெலெக்', அதாவது 'ராஜாவுக்கு உரியது' என்ற முத்திரை குத்திய ஜாடிக் கைப்பிடிகள் யூதா முழுவதும் 2,000க்கு மேல் கிடைத்திருக்கின்றன. எண்ணெயும் திராட்சரசமும் சேமித்த அரசு ஜாடிகள் அவை. எருசலேமின் புதிய பகுதியைச் சுற்றி எழுப்பிய மதிலின் ஒரு துண்டை 1970களில் தொல்லியலாளர் நாமான் அவிகாத் தோண்டியெடுத்தார். அகலம் மட்டும் ஏறக்குறைய 7 மீட்டர். அந்த மதில் சில வீடுகளின் மேலேயே ஏறிப் போகிறது. வீடுகளை இடித்து அதன்மேல் கட்டியிருக்கிறார்கள். ஏசாயா 22:10ஐத் திறந்து பாருங்கள். எருசலேமின் வீடுகளை எண்ணி, மதிலை அரணாக்குவதற்காக அவற்றை இடித்தீர்கள் என்று தீர்க்கதரிசி முகத்துக்கு நேரே சொல்கிறார். யாரோ ஒரு குடும்பத்தின் அடுப்படி மீது நிற்கிறது அந்தச் சுவர்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். எருசலேமுக்கு இருந்த நிலையான ஒரே ஊற்று கீகோன். அது மலைச்சரிவில் கீழே இருக்கிறது. முற்றுகையிடுகிறவன் அதைப் பிடித்துக்கொண்டால் உள்ளே இருப்பவர்கள் தாகத்தில் சாக வேண்டியதுதான். ஆகவே ஊற்றை வெளியே மூடி, பாறைக்குள் சுரங்கம் வெட்டி, தண்ணீரை நகரத்தின் தென்கோடியில் உள்ள குளத்துக்குக் கொண்டுவந்தார்கள். நீளம் 533 மீட்டர். இவ்வளவு நீளத்துக்கும் சேர்த்து மொத்த இறக்கம் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர்தான். நேராக வெட்டவில்லை, பாம்பு போல வளைந்து வளைந்து போகிறது. இரண்டு முனையிலிருந்தும் ஒரே சமயத்தில் வெட்டிக்கொண்டே வந்து நடுவில் சந்தித்தார்கள். சந்திப்பு நெருங்கும் இடத்தில், தவறான பக்கம் கொஞ்சம் வெட்டிப் பார்த்துக் கைவிட்ட அடையாளங்கள் பாறையில் இன்னும் இருக்கின்றன.

1880இல் சீலோவாம் குளத்துப் பக்கத்துச் சுரங்க வாயில் அருகே ஒரு சிறுவன் சுவரில் எழுத்துகள் இருப்பதைக் கண்டான். ஆறு வரி, பழைய எபிரெய எழுத்து. அதன் சாரத்தைத் தமிழில் சொல்கிறேன்: 'இன்னும் மூன்று முழம் வெட்ட வேண்டியிருந்தபோது, ஒருவன் தன் தோழனைக் கூப்பிடும் குரல் கேட்டது. பாறையில் வலப்புறம் ஒரு பிளவு இருந்தது. ஊடுருவிய நாளில் வெட்டுகிறவர்கள் ஒருவரையொருவர் நோக்கி, பிக்காசுக்கு எதிரே பிக்காசாக வெட்டினார்கள். ஊற்றிலிருந்து குளத்துக்கு 1,200 முழம் தண்ணீர் ஓடியது. வெட்டியவர்களின் தலைக்கு மேலே பாறையின் உயரம் 100 முழம்.'

ராஜாவின் பெயர் அதில் இல்லை. கடவுளின் பெயரும் இல்லை. இருட்டில் கல்லுடைத்தவர்கள் பாறைக்கு அப்பாலிருந்து ஒரு மனிதக் குரல் கேட்ட அந்த நொடியைப் பதிந்துவைத்திருக்கிறார்கள். எத்தனை முறை படித்தாலும் எனக்கு உடல் சிலிர்க்கிறது. வெளிச்சம் போதாத விளக்கைப் பிடித்துக்கொண்டு, காதைப் பாறையில் வைத்துக் கேட்டுக் கேட்டுத்தான் வெட்டியிருக்க வேண்டும். கல்வெட்டு இப்போது இஸ்தான்புல் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அப்போது எருசலேம் உஸ்மானியர் ஆட்சியில் இருந்தது. சுரங்கத்தின் காலம் பற்றி மாற்றுக் கருத்துகள் உண்டு. ஆனால் அதன் பூச்சில் சிக்கியிருந்த தாவரத் துணுக்குகளையும் கூரையில் வளர்ந்த சுண்ணப் படிவையும் காலக்கணிப்பு செய்து 2003இல் வெளியான ஆய்வு, கி.மு. 700ஐ ஒட்டிய காலத்தையே காட்டியது.

இனி 701. முதலில் சனகெரிப்பின் பதிவு. சுட்ட களிமண்ணில் செய்த ஆறு பட்டைத் தூணில் இருக்கிறது. ஒரு முழத்துக்கும் சற்றுக் குறைவான உயரம். ஒரு பிரதி லண்டனில், ஒன்று சிகாகோவில், ஒன்று எருசலேமிலேயே இருக்கிறது. அதில் அவன் சொல்வது: என் நுகத்துக்குப் பணியாத யூதேயனான எசேக்கியாவின் அரணான பட்டணங்கள் 46ஐயும் எண்ணற்ற சிற்றூர்களையும் பிடித்தேன், 2,00,150 பேரை வெளியேற்றினேன், அவனையோ அவனுடைய அரச நகரமான எருசலேமில் கூண்டுப் பறவையைப் போல அடைத்துவைத்தேன்.

அந்தக் கடைசி வாக்கியத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அசீரிய ராஜாக்கள் ஒரு நகரத்தைப் பிடித்தால் பிடித்தேன், எரித்தேன், ராஜாவை விலங்கிட்டேன் என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதுவார்கள். எருசலேமைப் பற்றி அப்படி ஒரு சொல் இல்லை. 'கூண்டுப் பறவை' என்பது அவர்கள் முன்பே பயன்படுத்திய வாய்பாடு. தமஸ்கு ராஜா ரேத்சீனைப் பற்றி மூன்றாம் திகிலாத்பிலேசரும் இதையே எழுதினான், அவனை உடனே பிடிக்க முடியாமல் போன முற்றுகையைச் சொல்லும்போது. கப்பம் வந்து சேர்ந்த விதமும் வழக்கத்துக்கு மாறானது. சனகெரிப் நினிவேக்குத் திரும்பிய பிறகு அவன் பின்னாலேயே அனுப்பப்பட்டதாக எழுதியிருக்கிறான். அந்தப் பட்டியலில் 30 தாலந்து பொன், 800 தாலந்து வெள்ளி (தாலந்து என்பது பழைய எடை அளவு). எசேக்கியாவின் குமாரத்திகள், அரண்மனைப் பெண்கள், பாடகர், பாடகிகள்.

வேதாகமத்தைத் திறந்தால் இரண்டாம் ராஜாக்கள் 18:14 முதல் 16 வரை மூன்றே வசனங்கள். 'நான் குற்றம் செய்தேன், என்னை விட்டுத் திரும்பிப்போம், நீர் சுமத்துவதைச் சுமப்பேன்' என்று எசேக்கியா லாகீசுக்கு ஆள் அனுப்புகிறார். 300 தாலந்து வெள்ளி, 30 தாலந்து பொன். அதைக் கொடுக்க ஆலயக் கதவுகளிலும் நிலைகளிலும் தாமே பதிப்பித்திருந்த பொன் தகடுகளை உரித்தெடுத்துக் கொடுக்கிறார். பொன்னின் கணக்கு இரண்டு ஆவணங்களிலும் ஒன்றேதான். எதிரும் புதிருமான இரண்டு அரசவைகள், தொடர்பே இல்லாமல் எழுதி, 30 என்று ஒத்துப்போகின்றன. ஏசாயா புத்தகத்தில் இதே வரலாறு திரும்ப வருகிறது, இந்த மூன்று வசனங்கள் மட்டும் இல்லை. நாளாகமத்திலும் இல்லை. பிரசங்கங்களிலும் அநேகமாக வருவதில்லை. ஆனால் ராஜாக்கள் புத்தகத்தை எழுதியவர், தமக்குப் பிடித்த ராஜாவைப் பற்றிய இந்தச் சங்கடமான உண்மையை மறைக்காமல் விட்டார். அவர்மேல் எனக்கு நம்பிக்கை கூடுவதற்கு அதுவே காரணம்.

ஆள் போனது லாகீசுக்கு என்றேன். ஏன் அங்கே? சனகெரிப் அப்போது அதை முற்றுகையிட்டுக்கொண்டிருந்தான். யூதாவில் எருசலேமுக்கு அடுத்த பெரிய நகரம் அது. நினிவே அரண்மனையில் ஒரு முழு அறையின் சுவர்களை லாகீஸ் வீழ்ச்சியின் புடைப்புச் சிற்பங்களால் நிரப்பினான். ஆஸ்டன் ஹென்றி லேயார்ட் 1840களில் அதைத் தோண்டியெடுத்தார். இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சரிவாகக் கொட்டிய முற்றுகை மேட்டில் இடிபொறிகள் ஏறுகின்றன. மதில்மேல் இருப்பவர்கள் எரியும் பந்தங்களை எறிகிறார்கள். இடிபொறி தீப்பிடிக்காமல் இருக்க ஒரு வீரன் நீண்ட கரண்டியால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கிறான். வாசல் வழியாக மக்கள் மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறார்கள். மாட்டுவண்டியில் பொதிகளின்மேல் பெண்களும் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். மாட்டின் விலா எலும்புகளைக்கூடச் சிற்பி எண்ணிச் செதுக்கியிருக்கிறான். கொஞ்சம் தள்ளிக் கழுமரத்தில் மூன்று பேர்.

இது வெறும் அரண்மனைப் பெருமை என்று தள்ளிவிடவும் வழியில்லை. லாகீசில் அந்த முற்றுகை மேடு இன்றும் கிடக்கிறது. டேவிட் உசிஷ்கின் தலைமையில் 1970கள் முதல் நடந்த அகழாய்வில் நூற்றுக்கணக்கான அம்புமுனைகளும் கவண்கற்களும் எரிந்த சாம்பல் அடுக்கும் கிடைத்தன. அரண்மனையில் சனகெரிப் அறை முழுக்கச் செதுக்கியது எருசலேமை அல்ல என்பதை நினைத்துப் பாருங்கள். ராஜாவின் நகரத்தைப் பிடித்திருந்தால் அந்தச் சுவர்களில் லாகீசுக்கு இடம் கிடைத்திருக்காது.

அந்தப் பகுதியில் பிறந்த ஒரு மனிதர் வேதாகமத்தில் இருக்கிறார்: மொரேசா ஊரானாகிய மீகா. தன் சுற்றுவட்டாரத்து ஊர்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் புலம்புகிறார், லாகீசும் அதில் உண்டு. உன் செல்லப்பிள்ளைகள் சிறைப்பட்டுப்போனார்கள், தலையைச் சிரைத்துக்கொள் என்று ஒரு தாயிடம் சொல்வதுபோல முடிக்கிறார். எருசலேமுக்குள் இருந்து பார்த்தால் 701 இரட்சிப்பின் ஆண்டு. மீகாவின் ஊரில் நின்று பார்த்தால் எல்லாம் போன ஆண்டு. சனகெரிப் சொல்லும் 2,00,150 என்ற எண் அன்றைய யூதாவின் மக்கள்தொகைக்கு மிகப் பெரிது, மிகைப்படுத்தியிருக்கிறான். ஆனால் அந்தப் பகுதியின் ஊர்கள் பல அழிந்தன, பல பிறகு எழும்பவே இல்லை என்பதை மண் சொல்கிறது.

இப்போது எருசலேம் வாசலுக்கு வருவோம். லாகீசிலிருந்து ரப்சாக்கே என்னும் அதிகாரி படையோடு வந்து, வண்ணார்துறை வழியில், மேற்குளத்து வாய்க்கால் அருகே நிற்கிறான். இந்த இடம் வாசகருக்கு முன்பே பழக்கம். ஏறக்குறைய 30 ஆண்டுக்கு முன் ஏசாயா தன் மகனோடு போய் ஆகாசைச் சந்தித்து, 'பயப்படாதே, நீ விசுவாசியாவிட்டால் நிலைபெறமாட்டாய்' என்று சொன்னது இதே இடத்தில்தான். தகப்பன் கேட்காமல் அசீரியனைக் கூப்பிட்டான். அந்த அசீரியன் இப்போது அதே வண்ணார்துறையில் வந்து மகனை மிரட்டுகிறான். எழுதியவர் இதை விளக்கவே இல்லை, இடத்தின் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார்.

ரப்சாக்கே கெட்டிக்காரன். எகிப்து நெரிந்த நாணல், ஊன்றினால் கையைக் கிழிக்கும் என்கிறான். 2,000 குதிரை தருகிறேன், ஏறுவதற்கு உன்னிடம் ஆள் உண்டா என்கிறான். பிறகு சொல்வதுதான் நான் முன்பு குறிப்பிட்ட சாட்சி: 'எங்கள் தேவனாகிய கர்த்தரை நம்புகிறோம் என்கிறீர்களே, அவருடைய மேடைகளையும் பலிபீடங்களையும் அல்லவா எசேக்கியா அகற்றினான்?' எசேக்கியாவைப் புகழ நினைத்துப் புனைகிற எழுத்தாளன் எதிரியின் வாயில் இப்படியொரு கூர்மையான வாதத்தை வைப்பானா? மேடைகள் போனதில் நாட்டுப்புறத்தில் மனக்கசப்பு இருந்திருக்கிறது, அசீரியனுக்கு அது தெரிந்திருக்கிறது என்றே படுகிறது. அதிகாரிகள் எலியாக்கீமும் செப்னாவும் யோவாகும் பதறி, 'அராமியில் பேசும், எங்களுக்குப் புரியும். மதில்மேல் இருக்கிற ஜனங்கள் கேட்க யூத மொழியில் பேச வேண்டாம்' என்று கெஞ்சுகிறார்கள். அவன் குரலை உயர்த்தி யூத மொழியிலேயே தொடர்கிறான். ஜனங்கள் ஒரு வார்த்தையும் பேசவில்லை, ராஜா அப்படிக் கட்டளையிட்டிருந்தார்.

பிறகு மிரட்டல் கடிதம் வருகிறது. எசேக்கியா அதை வாங்கி வாசித்து, ஆலயத்துக்குப் போய், கர்த்தருக்கு முன்பாக விரித்து வைக்கிறார். இவ்வளவு காலமும் மதிலும் சுரங்கமும் ஜாடியும் உடன்படிக்கையும் என்று ஓடிய மனிதர், கையில் இனி ஒன்றும் இல்லாதபோது, கடிதத்தைத் தரையில் விரிக்கிறார். 'இதைப் பாரும்' என்கிறார். அவ்வளவுதான்.

அன்று இரவு நடந்தது என்ன? 1,85,000 பேர் மாண்டார்கள் என்கிறது வேதாகமம். யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் அது கொள்ளைநோய் என்கிறார். கிரேக்கரான ஹெரோடோட்டஸ், எகிப்தியர் சொல்லக் கேட்டதாக, சனகெரிப்பின் படையின் வில்நாண்களையும் கேடயப் பிடிகளையும் ஓரிரவில் எலிகள் கடித்துத் தின்ற கதையை எழுதியிருக்கிறார். அது எகிப்தின் எல்லையில் நடந்ததாகச் சொல்கிறார். எலியும் கொள்ளைநோயும் சேர்ந்து வருவது பலரை யோசிக்க வைத்திருக்கிறது. எகிப்தை ஆண்ட கூஷிய அரசின் படை வந்தது. கப்பம் கிடைத்ததே போதும் என்று பட்டது. பாபிலோனில் மறுபடியும் தொல்லை, அடுத்த ஆண்டே சனகெரிப் அங்கே போனான். இவையும் காரணமாகச் சொல்லப்படுகின்றன. வரலாற்றுக் கருவிகளால் இவ்வளவு தூரம்தான் போக முடியும்: வலிமை மிக்க படை ஒன்று வந்தது, நாட்டைச் சூறையாடியது, தலைநகரைப் பிடிக்காமல் திரும்பியது, கலகம் செய்த ராஜா அரியணையிலேயே இருந்தார். இது அசீரியர் வழக்கத்தில் அபூர்வம். அதைக் கடவுளின் கை என்று அன்று மதிலுக்குள் இருந்தவர்கள் நம்பினார்கள். நானும் நம்புகிறேன், அது என் விசுவாசம், களிமண் தூணிலிருந்து அதை நிரூபிக்க நான் முயல மாட்டேன்.

சனகெரிப்பை அவன் குமாரர் இருவர் கொன்றார்கள் என்ற வேதாகமச் செய்தியைப் பாபிலோனிய நாளாகமமும் உறுதிசெய்கிறது, அது ஒரு மகனை மட்டும் சொல்கிறது. வாசிக்கும்போது ஊர் திரும்பியதும் செத்தான் என்று தோன்றும்; உண்மையில் இருபது ஆண்டு கழித்து, கி.மு. 681இல்.

தமிழ்ச் சபைகளில் எசேக்கியா என்றதும் பலருக்கு நினைவு வருவது ஆயுசில் 15 வருஷம் கூட்டிக் கொடுக்கப்பட்ட கதை. 29இலிருந்து 14ஐக் கழித்தால் 15. அதாவது அந்த நோய் முற்றுகையை ஒட்டிய காலத்திலேயே வந்தது என்று கணக்கு சொல்கிறது. 'வீட்டுக்காரியத்தை ஒழுங்குபடுத்தும்' என்ற வார்த்தையைக் கேட்டு, சுவர்ப்புறமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுகிறார் ராஜா. அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் வைக்கச் சொல்கிறார் ஏசாயா. ஜெபமும் பச்சிலை வைத்தியமும் அங்கே ஒன்றோடொன்று சண்டை போடவில்லை. மனாசே பட்டத்துக்கு வந்தது 12 வயதில் என்பதால், கூட்டிக் கொடுத்த அந்த ஆண்டுகளில் பிறந்த பிள்ளை அவன். தகப்பன் இடித்த மேடைகளை எல்லாம் திரும்பக் கட்டியவன்.

2015இல் எருசலேமில் தொல்லியலாளர் எய்லாத் மசார் குழுவினர் அறிவித்த முத்திரைக் களிமண், விரல் நகம் அளவு, ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல். 'யூதாவின் ராஜா, ஆகாசின் மகன் எசேக்கியாவுக்கு உரியது' என்று எழுத்து. நடுவே சிறகு தாழ்ந்த சூரியவட்டம், இரு பக்கமும் எகிப்தியரின் ஜீவச் சின்னம். வெண்கலச் சர்ப்பத்தை உடைத்தவரின் முத்திரையில் எகிப்தியச் சின்னம்! அக்காலத்து அரசர்கள் பொதுவாகக் கையாண்ட சின்னங்கள்தான், ஆனாலும் நாம் கற்பனை செய்து வைத்திருக்கும் எசேக்கியாவைவிட உண்மையான எசேக்கியா சிக்கலானவர் என்பதை அந்த நகக்கண் அளவு களிமண் சொல்லிவிடுகிறது.

பிற்கால மரபு அவரை எப்படிப் பார்த்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்தவர்களுக்கு அவர் மத்தேயு முதல் அதிகாரத்து வம்சவரலாற்றில் ஒரு பெயர். அவர் உடைத்த சர்ப்பமோ யோவான் மூன்றாம் அதிகாரத்தில் சிலுவைக்கு அடையாளமாகத் திரும்பி வருகிறது. ஏசாயா 7ஆம் அதிகாரத்து இம்மானுவேல் எசேக்கியாதான் என்று யூதர்கள் வாதிட்டதை இரண்டாம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவ எழுத்தாளர் ஜஸ்டின் எழுதிவைத்திருக்கிறார். குர்ஆனில் அவர் பெயர் இல்லை.

யூத ஞானிகள்தான் அவரை விடாமல் பேசினார்கள். அவர்களுடைய விவாதங்களின் தொகுப்பான தல்மூதில் ஒரு பட்டியல் உண்டு: எசேக்கியா ஆறு காரியம் செய்தார், மூன்றை ஏற்றார்கள், மூன்றை ஏற்கவில்லை. சர்ப்பத்தை உடைத்ததையும், மருத்துவ நூலை மறைத்துவைத்ததையும், தகப்பனின் எலும்புகளைக் கயிற்றுப் பாடையில் இழுத்துச் சென்றதையும் ஏற்றார்கள். கீகோன் தண்ணீரை அடைத்ததை ஏற்கவில்லை. ஆலயக் கதவுகளை அசீரியனுக்கு அனுப்பியதை ஏற்கவில்லை. பஸ்காவுக்காக மாதத்தைத் தள்ளிவைத்ததையும் ஏற்கவில்லை. பொறியாளர்கள் வியக்கும் சுரங்கத்தைக் குற்றப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். கடவுள் காப்பாற்றுவேன் என்று சொல்லியும் ஏன் அடைத்தாய் என்பது உரைகாரர்கள் தரும் விளக்கம். இன்னொரு இடத்தில், கடவுள் எசேக்கியாவை மேசியாவாகவே ஆக்க நினைத்தார், ஆனால் இவ்வளவு பெரிய விடுதலைக்குப் பிறகும் அவர் ஒரு பாட்டுக்கூடப் பாடவில்லை, அதனால் நின்றுபோயிற்று என்கிறார்கள். நான் இதை வாசிக்கும்போதெல்லாம் லாகீஸ் ஞாபகம் வருகிறது. 46 பட்டணம் எரிந்த புகை அடங்காத நாட்டில், அந்த ராஜாவுக்குப் பாட்டு எப்படி வந்திருக்கும்?

கடைசியாக ஒன்று. கி.பி. 70இல் ரோமர்கள் எருசலேமை முற்றுகையிட்டபோது அந்த நகரம் தப்பவில்லை; ஆலயமும் எரிந்தது. அந்த முற்றுகையிலிருந்து பிணப்பெட்டிக்குள் படுத்து வெளியேறியதாகச் சொல்லப்படும் ஞானி ரபி யோகனான் பென் சக்காய். வயதாகி மரணப்படுக்கையில் கிடந்தபோது சீஷர்களிடம் அவர் சொன்னதாகத் தல்மூத் தருவது: தீட்டுப்படாதபடி பாத்திரங்களை வெளியே எடுங்கள், யூதாவின் ராஜா எசேக்கியா வருகிறார், அவருக்கு ஒரு நாற்காலி போடுங்கள்.